தளத்தை முழுசாக மாற்றுவதா, இருப்பதைப் பழுது பார்ப்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

தராசுமுள்:

வணக்கம். தொழிற்சாலைகளுக்கான எடைக் கருவிகளை விற்று, அவற்றுக்கு சர்வீஸும் காலிபரேஷனும் (எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது) செய்து தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இணையதளம் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் அதன் வழியாக விசாரணைகள் தாராளமாக வரும். இப்போது குறைந்துவிட்டது. அடியோடு நிற்கவில்லை, ஆனால் குறைந்திருப்பது நன்றாகவே தெரிகிறது.

விற்பனையைப் பார்க்கும் இளைஞர்கள் "பார்த்தாலே பழசு என்று தெரிகிறது, புதுசாகப் போட்டுவிடுவோம்" என்கிறார்கள். வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை அழைத்துக் காட்டினோம். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, முழுசாக மாற்ற வேண்டியதுதான் என்றார்கள். இருக்கலாம். ஆனால் குறை எங்கே இருக்கிறது, அதற்கு ஏன் இதுதான் வழி என்று யாரும் விளக்கவில்லை. பெரிய செலவு, பல மாத வேலை. ஒரு தளத்தை மறுவடிவமைக்கும் நேரம் வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வலைப்பணி:

முதலில் "விசாரணை குறைந்துவிட்டது" என்பதை இரண்டாகப் பிரியுங்கள். தளத்துக்கு வருகிறவர்களே குறைந்துவிட்டார்களா? அல்லது முன்பு போலவே வந்து, கேட்காமல் திரும்பிப் போகிறார்களா? இரண்டும் வேறு வேறு நோய். வருகிறவர்கள் குறைந்திருந்தால் தேடலில் ஏதோ நடந்திருக்கிறது. அதற்கு வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றிப் பயனில்லை. வந்தும் கேட்காமல் போகிறார்கள் என்றால்தான் தளத்துக்குள் பார்க்க வேண்டும்.

கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவியான சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். போன வருடம் இதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் சீசன் ஏற்ற இறக்கம் குழப்பிவிடும். வருகையாளர் கணக்கைக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருந்தால் அது இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அப்போது மாற்றாமல் விட்ட தளங்கள் பலவற்றில் அன்றிலிருந்து எந்தக் கணக்கும் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கணக்கே இல்லாத தளங்களுக்கு உள்ளுணர்வை நம்பி மறுவடிவமைப்பு போடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. உங்கள் விசாரணைப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள், அலுவலகத்துக்கு வெளியே ஒரு போனிலிருந்து. அது யாருடைய மெயிலுக்குப் போகிறது? வேலையை விட்டுப் போனவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும் படிவங்கள் ஏராளம். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் சரிபார்ப்பு விதிகளை இறுக்கிவிட்டன. சர்வரே நேரடியாக அனுப்பும் படிவ மெயில்கள், சரியாக அமைக்காவிட்டால், ஸ்பாமுக்குப் போய்விடும்.

சர்வர்காவல்:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இதோடு அஸ்திவாரத்தையும் பாருங்கள். விரிசல் சுவரிலா, அஸ்திவாரத்திலா என்பதைப் பொறுத்துத்தான் பூசுவதா இடிப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

ஒன்று, முகவரிப் பட்டையில் "பாதுகாப்பானது அல்ல" என்று வருகிறதா? குரோம் 68 வந்த 2018 ஜூலையிலிருந்து, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு இணைப்பு இல்லாத எல்லாத் தளங்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. இது அரை நாள் வேலை, மறுவடிவமைப்புக்குக் காரணம் ஆகாது. இன்னொன்று, தளத்தை இயக்கும் மென்பொருளான பிஎச்பியின் எந்தப் பதிப்பு சர்வரில் ஓடுகிறது? 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. புதிய பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். நகல் தளத்தில்தான், நேரடியாக வேண்டாம். ஏற்றியதும் தீம் (தளத்தின் தோற்ற வார்ப்பு) உடைகிறது, தீம் செய்தவர் கைவிட்டுப் பல காலம் ஆகிறது, ப்ளக்இன் என்ற துணை மென்பொருள் மூன்றுக்கு மாற்றே இல்லை என்றால் தளத்தை இனி பாதுகாப்பாக வைத்திருக்க வழி கிடையாது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும், அழகாக இருந்தாலும்.

முன்பு இணையத்தில் அசையும் படங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் நினைவிருக்கிறதா? 2020 முடிவோடு அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது. அதில் செய்த தளங்களை ஒட்டுப்போட வழியே இல்லை. அப்படி முழுசாக வாசல் அடைபட்ட நிலைமை ரொம்ப அரிது. பெரும்பாலும் இடைப்பட்ட நிலைதான்.

கடைசியாக, ஒரு புது மாடலைத் தளத்தில் சேர்க்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே செய்வீர்களா, யாரையாவது கூப்பிட வேண்டுமா? சின்னத் திருத்தத்துக்கும் வெளியாள் வேண்டும் என்று இருக்கும் தளம் தானாகவே பழசாகிவிடும். திருத்துவது கஷ்டம் என்பதால் யாரும் திருத்த மாட்டார்கள்.

கோடுபுள்ளி:

நான் வடிவமைப்பாளர். "பழசாகத் தெரிகிறது" என்று சொல்லும் அந்த இளைஞர்களை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் சொல்வது ஒரு அறிகுறி. என்ன நோய் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். எது பழசாகத் தெரிகிறது என்று கேளுங்கள். விற்பனையில் இல்லாத மாடல்களா? அடியில் பல வருடத்துக்கு முந்தைய தேதியா? செய்திகள் பகுதியில் கடைசிச் செய்தி எப்போது போட்டது? காலிபரேஷன் என்பது நம்பிக்கை சார்ந்த தொழில். உங்கள் சான்றிதழை வைத்துத்தான் ஒருவர் தன் தணிக்கையைச் சந்திக்கிறார். அவர் தளத்துக்கு வந்து, இந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்று சந்தேகப்பட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்தச் சந்தேகம் உங்கள் கணக்கில் எங்கும் பதிவாகாது.

சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, விரல் படாத அளவுக்குச் சின்ன பொத்தான் இவையெல்லாம் ரசனை விஷயம் என்று நினைக்கிறார்கள். இல்லை. டபிள்யூசிஏஜி என்ற அணுகல் விதிமுறையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்று இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது, சில விதிவிலக்குகளோடு. உங்கள் வாடிக்கையாளர் வெளிச்சம் சரியில்லாத இயந்திரக் கூடத்தில் நின்று போனில் பார்க்கிறார் என்றால், இது அவரால் படிக்க முடிகிறதா இல்லையா என்ற கேள்வி.

தராசுமுள்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் பார்த்தேன். படிவம் ஒழுங்காக வருகிறது. சர்ச் கன்சோலில் வருகை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே வந்துவிட்டுக் கேட்காமல் போகிறார்கள் என்றுதான் தெரிகிறது. முன்பு கணினியில் பார்த்தவர்கள் அதிகம், இப்போது பெரும்பாலும் போன். பிஎச்பி பழசு, ஆனால் நகல் தளத்தில் ஏற்றியபோது சின்னச் சின்ன இடங்களில்தான் உடைந்தது. திருத்த முடியும் என்கிறார் எங்கள் சர்வரைப் பார்ப்பவர்.

எங்கள் தொலைபேசி எண் தலைப்புப் படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகாது. மாடல்களின் அளவு விவரங்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக இருக்கின்றன.

எழுத்தாணி:

அப்படியானால் அந்த எண்ணை இன்றே எழுத்தாக மாற்றுங்கள். மறுவடிவமைப்பு நடக்குமா நடக்காதா என்பதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துவிட்டுப் பெரிய லாபம் பார்த்த நிறுவனம் எக்ஸ்பீடியா. பயணம் பதிவு செய்யும் படிவத்தில் "நிறுவனம்" என்று ஒரு பெட்டி, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று. சிலர் அதில் தங்கள் வங்கியின் பெயரைப் போட்டார்கள். அப்படிப் போட்டவர்கள் முகவரி இடத்திலும் வங்கியின் முகவரியைப் போட்டார்கள். கார்டுக்கான முகவரி பொருந்தாமல் பணம் மறுக்கப்பட்டது. தோற்றுப்போன பரிவர்த்தனைகளை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. பெட்டியை நீக்கினார்கள், வருடத்துக்கு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் கூடுதல் லாபம் என்று 2010-ல் செய்தி வந்தது. மறுவடிவமைப்பு செய்திருந்தால் அந்தப் பெட்டி புதிய வண்ணத்தில் மறுபடியும் அங்கேயே இருந்திருக்கும். குறையைத் தெரிந்துகொள்ளாமல் புதிதாகக் கட்டினால் பழைய குறையும் கூடவே குடிவரும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எப்படித் தெரிந்துகொள்வது? வாடிக்கையாளரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதியது இது. ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும், அதற்கு மேல் ஒரே மாதிரிக் குறைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் போனையே அவர்கள் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு உண்மையான வேலையைக் கொடுங்கள். "உங்கள் தராசுக்குக் காலிபரேஷன் தேதி நெருங்குகிறது. எங்கள் தளத்தில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்." அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும்போது "மேலே பாருங்கள், அங்கே இருக்கிறது" என்று சொல்லத் துடிக்கும். சொன்னால் சோதனை வீண். "தளம் பிடித்திருக்கிறதா?" என்றும் கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

வழிப்போக்கன்:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தளம் மெதுவாகத் திறக்கிறது. அதற்காக மாற்றலாமா?

சர்வர்காவல்:

அதற்காக மட்டும் வேண்டாம். கூகுளின் வேகம் பார்க்கும் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தள முகவரியைப் போடுங்கள். கூகுள் மூன்று அளவுகளைப் பார்க்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய 2.5 வினாடிக்குள், தொட்டதற்குப் பதில் வர 200 மில்லிவினாடிக்குள், திறக்கும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1-க்குள். வருகைகளில் 75 சதவீதத்துக்காவது இந்த அளவுக்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. மேலே வரும் உண்மைப் பயனாளர் தரவைப் பாருங்கள், கீழே வரும் மதிப்பெண்ணைப் பிறகு பார்க்கலாம். பெரும்பாலும் சுருக்காமல் ஏற்றிய படங்களும், யாரோ எப்போதோ சேர்த்த ஸ்கிரிப்டுகளும்தான் காரணமாக இருக்கும். அவற்றைச் சரிசெய்த பிறகும் தீமே கனமாக இருந்தால் பேசுவோம்.

கோடுபுள்ளி:

எழுத்தாணி சொன்ன எக்ஸ்பீடியா உதாரணம் நல்லதுதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டே ஓட்டிவிடலாம் என்று போனால் அதுவும் தவறு. அந்தப் பெட்டியை எடுத்தபோது மற்றதெல்லாம் சரியாக இருந்தது. தளத்தின் கட்டுமானமே தவறான கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொத்தானைப் பெரிதாக்கி என்ன ஆகப்போகிறது?

தராசுமுள் அவர்களே, ஒன்று கேட்கிறேன். இந்தத் தளம் போட்டபோது உங்கள் வருமானம் எதிலிருந்து வந்தது, இப்போது எதிலிருந்து வருகிறது? உங்கள் மெனுவில் முதலில் என்ன இருக்கிறது?

தராசுமுள்:

இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்கவில்லை. அப்போது விற்பனைதான் எல்லாம். இப்போது சர்வீஸ், காலிபரேஷன், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இவைதான் பெரும்பகுதி. மற்ற நிறுவனங்களின் தராசுகளையும் பார்த்துத் தருகிறோம். மெனுவில் முதலில் "எங்களைப் பற்றி", அடுத்து "தயாரிப்புகள்", அதற்குள் மாடல்கள். காலிபரேஷன் என்று தனிப் பக்கமே கிடையாது. "சேவைகள்" என்ற பக்கத்தின் அடியில் ஒரே ஒரு பத்தி.

எழுத்தாணி சொன்னபடி வாடிக்கையாளர்களிடம் கொடுத்தும் பார்த்தோம். எல்லோரும் "தயாரிப்புகள்" உள்ளே போய்த் தங்கள் மாடலைத் தேடினார்கள். அங்கே ஒரு பிடிஎஃப். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எங்களிடம் பலகாலம் சர்வீஸ் எடுப்பவர் ஒருவர், "மற்ற கம்பெனி தராசையும் நீங்கள் பார்ப்பீர்களா?" என்று எங்களையே கேட்டார். மனசு கஷ்டமாகிவிட்டது.

கோடுபுள்ளி:

இதுதான் நான் தேடிய பதில். தொழில் நகர்ந்துவிட்டது, தளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வருடக் கணக்கு, ஃபேஷன், போட்டி நிறுவனத்தின் புதுத் தளம் இவற்றில் எதுவும் எனக்குப் போதுமான காரணம் இல்லை. இது போதும். உங்கள் தளம் இன்று நீங்கள் செய்யாத தொழிலை விளம்பரப்படுத்திக்கொண்டிருக்கிறது.

வலைப்பணி:

ஒப்புக்கொள்கிறேன். இங்கே மாற்ற வேண்டியது தளத்தின் அமைப்பும் உள்ளடக்கமும். தோற்றம் அதற்குப் பின்னால் வரட்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றித் திறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் தன் இணையதளத்தை முழுசாகப் புதுப்பித்தது. பணமும் ஆளும் குறைவில்லாத நிறுவனம். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன் வரையான காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் விழுந்தது. செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் என்ற தளம் 2010 ஆகஸ்ட்டில் நான்காம் பதிப்பு என்று ஒரேயடியாக மாற்றியது. பயனாளர்கள் கூட்டமாகப் போட்டித் தளமான ரெடிட்டுக்குப் போய்விட்டார்கள். பெரிய தளங்களின் அளவு நமக்கு இல்லை, ஆனால் நடப்பது ஒன்றுதான். வழக்கமாக வருகிறவர் பழகிய வழியை ஒரே நாளில் இழக்கிறார். வருகை விழுந்தால் எந்த மாற்றத்தால் விழுந்தது என்று நமக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லாமே ஒன்றாக மாறியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இது. காலிபரேஷனுக்குத் தனிப் பக்கம், எந்தெந்த வகைத் தராசு, எவ்வளவு எடை வரை, மற்ற நிறுவனத் தராசுகள் உண்டா, சான்றிதழ் எத்தனை நாளில், எல்லாம் எழுத்தாக. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு இன்னொன்று. பிறகு அதிகம் பார்க்கப்படும் மாடல்களின் பிடிஎஃப் விவரங்களைப் பக்கத்திலேயே அட்டவணையாக எழுதுங்கள். போனில் அட்டவணை எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் பாருங்கள். கூகுளும் போன் வடிவத்தைத்தான் படிக்கிறது. 2016-ல் அறிவித்த அந்த மாற்றம் முடிந்துவிட்டது என்று 2023 அக்டோபரில் சொன்னது. கணினி வடிவத்தில் மட்டும் இருந்து போன் வடிவத்தில் இல்லாத எழுத்து அதன் கணக்கில் வராது.

இவ்வளவையும் இப்போதுள்ள தளத்திலேயே செய்யலாம். அப்புறம் மெனு, முகப்பு. தோற்றத்தைக் கடைசியில்.

கோடுபுள்ளி:

கடைசியில் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. போனில் படிக்க முடியாத தீமில் நல்ல உள்ளடக்கத்தைப் போட்டு என்ன பயன்? எழுத்தளவு, மாறுபாடு, பொத்தான் மூன்றையும் புதிய பக்கங்களோடு சேர்த்தே சரிசெய்ய வேண்டும். மீதி அலங்காரம் காத்திருக்கலாம்.

வலைப்பணி:

சரி, அந்த மூன்றும் சேர்த்தே. நியாயம்தான்.

தராசுமுள்:

எங்கள் மெனுவை மாற்றினால் பக்க முகவரிகளும் மாறும் என்கிறார் அந்த வடிவமைப்பு நிறுவனத்தார். தேடலில் கிடைக்கும் இடம் போய்விடுமா? அவர்களிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

வலைப்பணி:

முதலில், முகவரி மாறித்தான் ஆக வேண்டுமா என்று கேளுங்கள். மெனுவின் வரிசையை மாற்றப் பக்கத்தின் முகவரியை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன்பே இப்போதுள்ள எல்லா முகவரிகளையும் எடுத்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது போக வேண்டிய புது முகவரி. இதற்கு 301 திருப்பி விடுதல் என்று பெயர், நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். அப்படி விட்டால் பழைய பக்கம் காணாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். திருப்பிவிடலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே வேண்டாம் என்பேன் நான். உங்கள் பிடிஎஃப் முகவரிகளையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம், வாடிக்கையாளர்களின் மெயில்களில் அந்த இணைப்புகள் கிடக்கும்.

அடுத்து, நகல் தளத்தில் வேலை செய்யும்போது தேடலில் வராமல் இருக்க நோஇண்டெக்ஸ் என்ற குறிப்பைப் போடுவார்கள். அது அப்படியே நேரடித் தளத்துக்கு வந்துவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது. திறக்கும் அன்று அதை நீக்கினோம் என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். முக்கியமான பக்கங்களை சர்ச் கன்சோலில் ஒவ்வொன்றாகச் சோதித்தும் பாருங்கள்.

தோற்ற மாதிரியைக் காட்டும்போது முகப்பை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். தேடலில் வருகிறவர் நேராக உள்பக்கத்தில்தான் இறங்குகிறார். காலிபரேஷன் பக்கமும் ஒரு மாடல் பக்கமும் போன் அளவில், உங்கள் உண்மையான எழுத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

எழுத்தாணி:

அந்த எழுத்தை யார் எழுதுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். வடிவமைப்பு முடிந்து, உள்ளடக்கம் வராமல் மாதக் கணக்கில் படுத்துக் கிடக்கும் தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சர்வீஸ் ஆட்களிடம் வாடிக்கையாளர்கள் போனில் என்னென்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளிலிருந்தே பக்கங்களைத் தொடங்கலாம்.

சர்வர்காவல்:

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வடிவமைப்பாளர் பெயரில் இருந்தால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அனலிட்டிக்ஸும் சர்ச் கன்சோலும் அப்படித்தான், உரிமையாளராக நீங்கள் இருக்க வேண்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். பழைய தளத்தின் முழு நகலையும் தரவுத்தளத்தோடு எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தராசுமுள்:

டொமைன் எங்கள் பெயரில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். தொலைபேசி எண்ணை எழுத்தாக மாற்றியாயிற்று. காலிபரேஷன் பக்கத்துக்கு எங்கள் சர்வீஸ் பொறியாளர்களோடு உட்கார்ந்து கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறோம். வடிவமைப்பு நிறுவனத்துக்கு முழு மாற்றம் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு பக்கங்களையும் எழுத்தளவு, பொத்தான் திருத்தங்களையும் மட்டும் செய்து தர முடியுமா என்று எழுதியிருக்கிறேன். பக்கங்கள் வந்த பிறகு அதே வாடிக்கையாளர்களிடம் மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா, அல்லது புது ஆட்களா?

எழுத்தாணி:

புது ஆட்கள். பழையவர்களுக்கு எங்கே தேட வேண்டும் என்பது இப்போது தெரியும். உங்களிடம் இதுவரை வாங்காத ஒருவராவது அதில் இருக்கட்டும்.